நீலாம்பல் அக்கா

அனுசியா வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஆனாலும் இரண்டு வருடமாக அவள் வாழ்க்கையின் நல்லது கெட்டது எல்லாம் முதலில் போய்ச் சேருவது ஓர் அக்காவிடம்தான். நீலாம்பல் அக்கா. கைப்பேசிச் செயலி ஒன்றில் தொடர்கதை எழுதுகிறவர். முகம் தெரியாது, ஊர் தெரியாது. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீல ஆம்பல் பூ மட்டும் இருக்கும்.

அக்கா எழுதுவதெல்லாம் நாம் சின்ன வயதில் கேட்ட வெளிநாட்டுத் தேவதைக் கதைகள்தான். என்ன, கொஞ்சம் இருட்டில் முக்கி எடுத்திருப்பார். நூறு வருடம் தூங்கிய இளவரசி அக்கா கையில் ஐ.சி.யூ.வில் கோமாவில் கிடப்பாள்; பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற டாக்டர் நல்லவனா கெட்டவனா என்று நாற்பது அத்தியாயத்துக்குத் தெரியாது. சிவப்புத் தொப்பிக்காரி வளர்ந்து சிவப்பு ஹெல்மெட்டோடு ஸ்கூட்டியில் போவாள். ஓநாயிடம் கருப்புக் கார் இருக்கும். இப்போது ஓடிக்கொண்டிருந்தது 'முள்ளரண்மனை'. ராட்சசனிடம் சிறைப்பட்ட அழகியின் கதை, சாட்சாத் தூத்துக்குடியில் நடக்கிறது. அழகியின் அப்பா மூலக்கதையின் ரோஜாவுக்குப் பதில் ஒரு முத்தை எடுத்துவிடுகிறார். ராட்சசன், பாதி முகம் வெந்துபோன கப்பல் கம்பெனி முதலாளி ருத்ரன். கடலோர பங்களாவில் அவளைப் பூட்டி வைத்து, "நீ மூச்சு விடுவதுகூட என்னைக் கேட்டுத்தான்" என்பான். நேரில் எவனாவது இப்படிச் சொன்னால் அனுசியா செருப்பைக் கழற்றிவிடுவாள். கதையில் படித்தால் மட்டும் காது மடல் சூடாகிறது. அது ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. விளங்காததை எல்லாம் அக்காவுக்கு எழுதுவாள்.

அவள் வீட்டுக்காரர் பெயர் சுடலைக்கண்ணன். பெயரில்தான் பயம், ஆள் பசும்பால். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில் படகுக்காரர்களுக்குக் கயிறு, வலை, பெயிண்ட் விற்கிற கடை வைத்திருக்கிறார். கல்யாணமாகி மூன்று வருடத்தில் ஒரு நாள் குரல் உயர்ந்ததில்லை. தோசையைத் திருப்பிப் போடலாமா என்றுகூடக் கேட்பார். முதன்முதலில் கையைப் பிடிப்பதற்கு, "பிடிக்கட்டுமா?" என்று கேட்டவர், பதில் வருவதற்குள் அவரே வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். இப்படிப்பட்ட மனிதரைக் குறை சொன்னால் ஊர் சிரிக்கும். ஆபீஸ் தோழி ஸ்டெபியிடம் லேசாகச் சொல்லிப் பார்த்ததற்கு, "ஏளா, ஒனக்குக் கொழுப்பு" என்றாள். அக்காவிடம் மட்டும்தான் முழுதாகச் சொல்ல முடிந்தது. 'நல்லவர்தான் அக்கா. ஆனா என்னை ஆசைப்பட்டு வச்சிருக்காரா, மரியாதைக்கு வச்சிருக்காரான்னு தெரியல. ஒரு தடவையாவது கேட்காம கையைப் பிடிக்கட்டுமே.'

அதை எழுதின வாரமே ஒரு சாயங்காலம் சுடலைக்கண்ணன் வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "இங்கன வா" என்றார். அடுத்த நொடியே, "வலிச்சுட்டா?" என்று கேட்டு எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடிப் போனார். அனுசியா விழுந்து விழுந்து சிரித்தாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வில்லன் வேஷம் கட்டின பையன் மாதிரி இருந்தார் என்று அக்காவுக்கும் எழுதினாள். அதற்கு அப்புறம் மூன்று வாரம் 'முள்ளரண்மனை' வரவில்லை. ஆசிரியருக்கு உடம்பு சரியில்லை என்று அறிவிப்புப் போட்டிருந்தார்கள்.

கடைசியாக அக்காவிடம் சொன்னது பெரிய விஷயம். அனுசியா வேலை பார்க்கிற, துறைமுகச் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தருகிற கிளியரிங் ஏஜென்சியின் சென்னைக் கிளையில் ஒரு பொறுப்பான இடம் காலியாக இருந்தது. இரண்டு வருடம் அங்கே இருக்க வேண்டும். மேனேஜர் அவளைத்தான் கேட்டார். வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அக்காவைக் கேட்டாள். 'அவசரப்படாதே அனு. அவர் உன்னைப் புரிந்துகொள்வார். இப்போது போனால் குடும்பம் உடைந்துவிடும்' என்று பதில் வந்தது. அக்கா சொன்னால் சரியாக இருக்கும். திங்கட்கிழமை மேனேஜரிடம் முடியாது என்று சொல்லிவிட முடிவு செய்திருந்தாள்.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை பகல். சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து புது அத்தியாயம் படித்துக்கொண்டிருந்தாள். பங்களாவில் அடைபட்ட அழகி புத்தகம் வாசிக்கிறாள்; ருத்ரன் கதவோரம் நின்று பார்க்கிறான். 'வலது காலின் பெருவிரலால் இடது கால் மெட்டியை உருட்டிக்கொண்டே படிப்பாள். கதை சூடு பிடிக்கும்போது உருட்டுவது நின்றுவிடும். இந்தப் பழக்கம் அவளுக்கே தெரியாது. அவனுக்குத் தெரியும்.'

அனுசியா தன் காலைப் பார்த்தாள். வலது பெருவிரல் இடது மெட்டியின் மேல் இருந்தது. அப்போதுதான் உருட்டுவதை நிறுத்தியிருந்தது.

இதை அவள் அக்காவுக்கு எழுதியதில்லை. தெரிந்தால்தானே எழுதுவதற்கு! எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். ஃபேனை அண்ணாந்து பார்த்தாள், கேமரா கீமரா இருக்குமோ என்று. எதிர்வீட்டு மாடியில் யாரும் இல்லை. யாரோ ஒரு பொம்பளை எங்கேயோ உட்கார்ந்துகொண்டு என் காலை எப்படிப் பார்க்கிறாள்? படபடப்போடு பழைய அத்தியாயங்களைப் புரட்டினாள். ருத்ரன் அழகியின் கையைக் கட்டுகிற இடம் வந்தது. 'மூன்று புரி, எட்டு எம்.எம். நைலான் கயிறு. ஈரத்தில் இறுகாது, கையை அறுக்காது.' அக்கா எவ்வளவு ஆராய்ச்சி செய்கிறார் என்று வாசகிகள் எல்லாரும் வியந்து எழுதியிருந்தார்கள். வியந்தவர்களில் அனுசியாவும் ஒருத்தி.

அடுக்களையில் சுடலைக்கண்ணன் சாளை மீனை அலசிக்கொண்டிருந்தார். அவருடைய போன் ஃப்ரிட்ஜ் மேல் சார்ஜில் கிடந்தது.

'அக்கா' என்று அனுப்பினாள். ஃப்ரிட்ஜ் மேல் டிங் என்றது. தற்செயலாக இருக்கும். 'அக்கா இருக்கீங்களா?' டிங். 'அக்கா, பயமா இருக்கு.' டிங்.

சுடலைக்கண்ணன் ஈரக் கையோடு போனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வாசற்படியில் நின்றவளைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்ததும் அவளுக்குக் கேட்க ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது. ஆனாலும் கேட்டாள்.

"எப்ப இருந்து?"

"கல்யாணமான வருசம், தடைக்காலத்துல இருந்து." மீன்பிடித் தடையில் இரண்டு மாதம் படகு கடலுக்குப் போகாது; படகைப் பழுது பார்க்கிற ஆரம்ப நாட்கள் போனால் கயிற்றுக் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். "நீ என்ன படிக்கன்னு நானும் படிச்சுப் பாத்தேன். அப்புறம் எழுதிப் பாத்தேன். ஆம்பள பேருல எழுதுனா யாரு படிக்கா? பொம்பள பேரு வச்சேன். நீயா வந்து அக்கான்னு எழுதுன. அன்னைக்கே சொல்லிருக்கணும் அனு. நாளைக்குச் சொல்லுவோம்னு இருந்தேன். நாளைக்கு நீ இன்னொண்ணு எழுதிட்ட."

அனுசியாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபம் வந்தது. இரண்டு வருடமாக அவள் காதைச் சூடாக்கியது இந்தச் சாளை அலசுகிற மனிதரா? இவரா அவளை இத்தனை உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்? கதையில் ருத்ரன் ஒளிந்து பார்த்தபோது இனித்தது, இப்போது முதுகு சில்லிட்டது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. வீட்டை விட்டு ஓடவும் தோன்றியது. இதில் எது தன் நிஜமான மனசு என்று அவளால் பிரித்தெடுக்க முடியவில்லை. பிறகு சென்னை ஞாபகம் வந்தது.

"என்னைச் சென்னைக்குப் போகாதன்னு சொன்னது யாரு? அக்காவா, நீங்களா?"

அவர் கையிலிருந்து மீன் தண்ணீர் தரையில் சொட்டியது.

"பயந்துட்டேன்" என்றார்.

"எங்கிட்ட நேரா கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா, போறேன்னு சொல்லிருவியோன்னு."

எல்லாவற்றுக்கும் கேட்கிற மனிதர் இதை மட்டும் கேட்கவில்லை. ருத்ரனாவது பூட்டுகிற சத்தம் அவள் காதில் விழும்படி பூட்டினான்.

"அடுத்த அத்தியாயத்துல ருத்ரன் கதவத் தொறந்து விட்டுருதான் அனு" என்றார் அவசரமாக. "அவ எங்க வேணாலும் போகலாம். எழுதி வச்சிட்டேன்."

"அது அவளுக்கு" என்று சொல்லிவிட்டு அனுசியா படுக்கையறைக்குள் போனாள்.

கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே, பழகின விரல் பழகின இடத்துக்குப் போனது. 'அக்கா, இன்னைக்கு வீட்டுல ஒண்ணு நடந்துபோச்சு' என்று அடித்தாள். அடித்த பிறகுதான் விரல் நின்றது. இதை இனி யாருக்கு அனுப்புவது? அம்மா வழியில் ஒரு சாவு விழுந்தபோதுகூட அவள் இப்படி அழுததில்லை. புருஷன் அடுத்த அறையில் முழுசாக இருந்தார். அக்காதான் போய்விட்டாள். அவளைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்த ஒரே பெண், இருந்ததே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைக் கழுவினாள். மேனேஜருக்கு மெயில் எழுதி அனுப்பினாள். வெளியே வந்தபோது சுடலைக்கண்ணன் அடுக்களையில் அதே இடத்தில் நின்றிருந்தார்.

"சென்னைக்குப் போறேன்னு மேனேஜருக்கு எழுதிட்டேன்" என்றாள். "உங்ககிட்ட நேர்லதான் சொல்லணும்னு வந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு, "திரும்பி வந்துருவியாளா?" என்று கேட்டார்.

மூன்று வருடத்தில் அவர் அவளை உரிமையோடு 'ளா' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அது அவளுக்குப் பிடித்ததா இல்லையா என்று அப்போதும் தெரியவில்லை.

"தெரியலங்க" என்றாள். "இந்த மாதிரி தெரியாததெல்லாம் நான் அக்காகிட்டதான கேப்பேன்."