கை கோத்த காசு

நகரசபை அருங்காட்சியகத்தின் நாணய அறைப் பொறுப்பாளர் சில வாரமாகத் தூக்கம் கெட்டுக் கிடந்தார். அந்த அறையைத் துணைத்தலைவருக்கு அலுவலகமாக்கப் போவதாகப் பேச்சு. அந்த நேரம் பார்த்து நகரசபைத் தலைவரே வந்து கண்ணாடிப் பெட்டிமேல் குனிந்தார்.

"ரெண்டு கை கோத்திருக்கே, என்னய்யா இது?"

"ரெண்டு ரோமச் சக்கரவர்த்திங்க கூட்டா ஆண்டப்ப அடிச்சது சார். 'பரஸ்பர அன்பு'ன்னு எழுதியிருக்கு."

"பிரமாதம்! எனக்கும் துணைத்தலைவருக்கும் ஆகாதுன்னு ஊரே பேசுது. இதே மாதிரி பதக்கம் அடிச்சு எல்லார் வாயையும் அடைச்சிடலாம். முன்பக்கம் என் முகம். ஆமா, அவங்க ஒத்துமையா இருந்தாங்கல்ல?"

அவர்கள் ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டிருந்தபோதே அவர்களுடைய காவல்படையே புகுந்து இருவரையும் வெட்டிப்போட்டது. மொத்த ஆட்சியே மூன்று மாதம்தான். பொறுப்பாளருக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் சொன்னால் அறை போய்விடும்.

"கடைசி வரைக்கும் சேர்ந்தேதான் இருந்தாங்க சார்."

அறை பிழைத்தது. பதக்கம் ஊரெல்லாம் போனது. இரண்டாவது மாதமே துணைத்தலைவர் உறுப்பினர்களை வளைத்துத் தலைவரைக் கவிழ்த்தார். நாற்காலியில் உட்கார்ந்த கையோடு நாணய அறைக்கும் வந்தார்.

"பின்பக்கம் நல்லாத்தான்யா இருக்கு. கை அப்படியே இருக்கட்டும், முகத்தை மட்டும் மாத்திடு."

"இன்னொரு கை யாரோடதுன்னு கேட்டா என்ன சார் சொல்றது?"

புதுத் தலைவர் சற்று யோசித்தார். "உன்னோடதுன்னு சொல்லேன்."

பொறுப்பாளர் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டார்.