குன்றத்தூருக்கு ஒரு செய்தி

2015 டிசம்பர் மழையில், இரவு ஷிஃப்டுக்கு வந்த தங்கமாரி மறுநாள் மதியமாகியும் ஒரகடம் தொழிற்சாலைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தான். அவன் அங்கே எலக்ட்ரீசியன். மனைவி இசக்கிசெல்வி நிறைமாதக்காரி. குன்றத்தூரில் வாடகை வீட்டின் கீழ்ப்பகுதியில் தனியாக இருந்தாள். அந்தப் பக்கத் தெருக்களில் ஆற்றுத் தண்ணீர் ஏறிவிட்டதாகக் காவலாளி நடேசன் சொன்னதும் அவனுக்குக் கைகால் ஓடவில்லை. செல்போனில் டவர் கிடையாது. ரோடும் அறுந்துவிட்டது.

மாடி ஆபீசில் வேலை பார்க்கும் ரஞ்சனி ஓடிவந்தாள். பிள்ளைப்பாக்கத்துப் பெண்.

"அண்ணா, நெட் லைன் இன்னும் கீது. காலைல பார்த்தேன், ஃபேஸ்புக்குல அட்ரஸ் போட்டா படகு எடுத்துகினு போறாங்க. ஆனா ஜெனரேட்டர் போட்டதும் என் கம்ப்யூட்டர் டப்புனு வெடிச்சிடுச்சி."

கீழே இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் தண்ணீரில் கிடந்தன. தங்கமாரி மாடிக்கு ஓடிப்போய் ரஞ்சனியின் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளையிலிருந்து தீய்ந்த வாடை அடித்தது. மற்றதெல்லாம் பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. மோட்டாரும் பேனலும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கம்ப்யூட்டரை இதுவரை திறந்ததே இல்லை.

மாடியிலேயே இருந்த பழைய சாமான் அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தது. அதன் பவர் சப்ளையைக் கழற்றி வந்து மேசைமேல் வைத்தான். கரிந்ததன் வயர்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இதன் நீளமான பிளக்கை மதர்போர்டின் ஓரத்தில் வைத்துப் பார்த்தான். போர்டில் துளைகள் அதிகம். நாலு துளை மிச்சமாக நின்றது.

"சேரலையே," என்றான். "தப்பாக் குத்தினா போர்டும் போயிரும்."

"தம்பி, டீசல் அடில கீது!" கீழிருந்து நடேசன் கத்தினார். "சீக்கிரம்!"

பிளக்கில் கொக்கி இருந்த பக்கம் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினான். டக்கென்று உட்கார்ந்தது. ஹார்டு டிஸ்க்குக்கும் ஒரு வயரைக் கொடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டான். ஃபேன் சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது. அணைத்துப் போட்டான். மறுபடியும் இருட்டு.

"போச்சு, ரஞ்சனி," என்றான். "போர்டும் போச்சு."

ரஞ்சனி கரிந்த வயர்களைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இருண்ணா. போர்டுலேந்து ரெண்டு புடுங்குனியே. பெருசு ஒண்ணு, சின்னதா சதுரமா ஒண்ணு. இதுல பெருச மட்டும்தானே குத்துன?"

அவன் கரண்டைப் பிடுங்கிவிட்டுக் குனிந்தான். பிராசசருக்குப் பக்கத்தில் நாலு துளையோடு ஒரு சின்ன சாக்கெட் காலியாக இருந்தது. மேசைமேல் இருந்த பவர் சப்ளையின் வயர்க் கொத்திலும் அதே மாதிரி சதுரப் பிளக் தொங்கியது, ஆனால் எட்டவில்லை. பவர் சப்ளையை அப்படியே தூக்கி ரஞ்சனியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பிளக்கைக் குத்தினான்.

திரையில் வெளிச்சம் வந்தது.

ரஞ்சனி தட்டினாள்: தெருப் பெயர், தங்கமாரியின் மனைவி, நிறைமாதப் பெண், கீழ்ப்பகுதி, தனியாக. அனுப்பியதும் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் கழித்து ஒரு பதில் வந்தது: 'அந்த வீட்டில் கழுத்தளவு தண்ணீர். உள்ளே யாரும் இல்லை.'

தங்கமாரி திரையருகே குனிந்தான்.

"அக்கம்பக்கத்து மாடில பாக்கச் சொல்லு தாயி," என்றான்.

ரஞ்சனி தட்டி அனுப்பினாள். ஜெனரேட்டர் இருமத் தொடங்கியது. விளக்கு ஒரு முறை மங்கியது. அப்போது அடுத்த பதில் விழுந்தது: 'பக்கத்து மாடியில் இருந்தார். வலி கண்டிருக்கிறது. படகில் ஏற்றிவிட்டோம்.' எந்த ஆஸ்பத்திரி என்று ரஞ்சனி கேட்பதற்குள் எல்லாம் அணைந்தது.

அவன் மழையிலேயே கிளம்பிவிட்டான். லாரி, டிராக்டர், நடை என்று மறுநாள் போய்ச் சேர்ந்து, மூன்றாவதாக விசாரித்த ஆஸ்பத்திரியில் அவளைக் கண்டுபிடித்தான். பெண் குழந்தை. இசக்கிசெல்வி கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"படகுக்காரவ உங்க பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாவ," என்றாள். "அதக் கேட்டதும்தான் எனக்கு உசுரே வந்துச்சு."

தங்கமாரி ஈரச் சட்டையோடு கட்டிலோரம் உட்கார்ந்து அழுதான்.