பேட்டரி இல்லாத கேமரா

என் வீட்டுக்காரர் மணிகண்டராஜுக்குப் பழைய சாமான் எதையும் தூக்கிப் போட மனசு வராது. சிவகாசியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். புது டிஜிட்டல் கேமரா வாங்கிய பிறகும் அதில் பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸைத்தான் மாட்டுவார். அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவில் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்பிப் படத்தைத் தெளிவாக்க வேண்டும். டிஜிட்டலில் அது இல்லாததால் கையால் திருப்புவார். அதே லென்ஸ் மாட்டுகிற ஃபிலிம் கேமராவும் இரண்டு உண்டு. ஒன்று பேட்டரியே இல்லாமல் ஓடும். இன்னொன்றில் பேட்டரியும் மோட்டாரும் இருப்பதால் லென்ஸ் 'கிர்ர்' என்று தானாகத் திரும்பும். மிக்சியில் தேங்காய்ச் சில்லு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். வீட்டில் அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

நான் வேலை பார்ப்பது விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் அறையில். செல்போன், பேட்டரி, நைலான் சேலை எதுவும் உள்ளே வரக் கூடாது. வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை மண்ணுக்கு விட்டுவிட்டுத்தான் கால் வைப்போம். ஒரு பொறி விழுந்தால் அறையும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சாது.

முதலாளிக்குக் காலண்டரில் போட நாங்கள் வேலை செய்கிற படம் வேண்டுமாம். பேட்டரி இல்லாத கேமரா எங்கள் வீட்டில் இருப்பதை வெள்ளைத்தாய் அவரிடம் போட்டு உடைத்துவிட்டாள். அவள் வாயை நூல் போட்டுத்தான் தைக்க வேண்டும்.

படம் எடுக்கிற நாளன்று காலை இவர் கேமராவோடு வந்தார். போர்மேன் கோட்டைச்சாமி அறை வாசலில் நிறுத்தினார்.

"கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. அடி மூடியைத் திறந்து, பேட்டரி இல்லைன்னு காட்டிருங்க."

இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "இருவது வருசமா கேமரா பிடிக்கேன். எதுல பேட்டரி இருக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும்? நம்பிக்கை இல்லைன்னா சொல்லுங்க, இப்படியே திரும்பிப் போயிருதேன்."

கோட்டைச்சாமி உள்ளே இருந்த என்னைப் பார்த்தார்.

"அவுக சரியாத்தான் கொண்டாந்திருப்பாக," என்றேன். நாலு பேர் முன்னால் பெண்டாட்டி வேறென்ன சொல்வாள்?

இவர் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே வந்து, என் எதிரில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். எங்கள் நடுவில் மருந்துத் தட்டு. என்னோடு சேர்த்து நாங்கள் நாலு பெண்கள்.

"எண்ணே, என்னையக் கொஞ்சம் செவப்பாக் காட்டுங்க," என்றாள் வெள்ளைத்தாய். எல்லாரும் சிரித்தார்கள். இவர் கேமராவைக் கண்ணில் வைத்தார்.

கிர்ர்.

லென்ஸ் மூக்கை நீட்டி, உள்ளே இழுத்து, நின்றது. வீட்டில் கேட்கிற அதே சத்தம். இது மோட்டார் கேமரா. பாவி மனுசன்! போன வாரம் இருக்கன்குடியில் ஒரு மொட்டைக்குப் படம் எடுக்க பழைய லென்ஸைக் கழற்றி மோட்டார் கேமராவில் மாட்டியவர், திரும்ப மாற்றாமல் விட்டிருக்கிறார். வேலை முடிந்ததும் அந்த லென்ஸைப் பேட்டரி இல்லாத கேமராவில் மாட்டி வைப்பதால், கேமராவைப் பார்க்காமல் லென்ஸைப் பார்த்தே பையிலிருந்து எடுத்து வருவது இவர் வழக்கம்.

இவருக்கும் புரிந்துவிட்டது. பொத்தானைப் பாதி அமுக்கிய விரல் அப்படியே நின்றது.

"விரலை எடுக்காதீக," என்றார் கோட்டைச்சாமி வாசலிலிருந்து. "அமுக்கவும் செய்யாதீக. அப்படியே மெதுவா வெளிய வாங்க." எடுத்தாலும் அமுக்கினாலும் உள்ளே ஒரு சுவிட்ச் அசையும். அதில் பொறி பறக்குமா பறக்காதா என்று அந்த அறையில் யார் சோதித்துப் பார்ப்பது?

பெண்களைப் பின்வாசல் வழியாகப் போகச் சொல்லிக் கை காட்டினார். வெள்ளைத்தாய் என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் அசையவில்லை. மூன்று பேரும் சத்தமில்லாமல் வெளியேறினார்கள்.

"நீயும் போ முத்துச்செல்வி," என்றார் இவர்.

"நான் இங்கனதான் இருக்கேன். என்னையவே பாத்துக்கிட்டுப் பின்னால நடங்க."

கை ஊன்ற முடியாமல் தடுமாறி எழுந்தார். ஒரு அடி. இன்னொரு அடி. முழங்கை கதவு நிலையில் இடிக்கப் போனது. "வலது பக்கம் ஒதுங்குங்க," என்றேன். ஒதுங்கினார். கண் மட்டும் என்னை விட்டு அகலவில்லை. மாரியாத்தா, இந்த முன்கோபிக்கு இந்த ஒருதரம் நிதானத்தைக் கொடு தாயே என்று வேண்டினேன்.

படியிறங்கி, அறைக்கு வெளியே இருந்த மண்மேட்டைத் தாண்டி மறைந்தார். நான் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, பொட்டலிலிருந்து கோட்டைச்சாமி சத்தம் போட்டார்: "விரலை எடுத்தாச்சு! ஒண்ணும் ஆகல!" வெள்ளைத்தாய் ஓடி வந்து என்னை வெளியே கூட்டிப் போனாள்.

கேட்டுக்கு வெளியே இவர் தரையில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அழுகை கோபமாகிவிட்டது.

"கிறுக்கச்சி! எல்லாரும் ஓடும்போது நீ ஏன்டி ஓடல? என் விரல் நழுவியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"நானும் ஓடியிருந்தா நழுவியிருக்கும்," என்றேன். "நான் அங்கன உக்காந்திருந்தாத்தான் நீங்க விரலை எடுக்க மாட்டீக."