ஆறாவது துளை

ரிவால்வரை இரும்புப் பிடியில் இறுக்கிவிட்டு, மணல்மூட்டைச் சுவருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார் அய்யம்பெருமாள். விசையில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவர் கையில் இருந்தது. பக்கத்தில் காதுக்கவசம் மாட்டிக்கொண்டு நான்சி. காலையிலிருந்து ஆறு ஆறாகச் சுட்டு, ஆறவிட்டு, மறுபடி நிரப்பிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ரிவால்வர் சோதனையில் ஏற்கெனவே தேறிவிட்ட ஒன்று. பட்டறையில் இருந்ததும் அது ஒன்றுதான். மதியம் ஆர்டர் கொடுத்த பிரேம் வந்து அதைத்தான் பார்க்கப்போகிறார்.

சிறுவாச்சூர் தாண்டி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற அந்தப் பட்டறையில், முன்பு சிமெண்ட் ஆலைகளுக்கு பம்ப் உதிரிகள் செய்துகொண்டிருந்தார்கள். முதலாளி சிங்காரவேலு டெல்லிக்கும் சென்னைக்கும் வருஷக்கணக்கில் அலைந்து ஆயுத உரிமம் வாங்கினார். வெளிநாட்டில் கரடியும் காட்டுப்பன்றியும் வேட்டையாடுகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பெரிய ரிவால்வர் வேண்டும் என்று ஆர்டரோடு வந்தவர் பிரேம். சென்னையில் இருந்துகொண்டு அங்கே உள்ள கம்பெனிக்கு ஏற்பாடு செய்து தருகிறவர். ஆறு குண்டு இருக்க வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும். அவர் கேட்டது இரண்டே விஷயம்.

நான்சி வரதராசன்பேட்டைப் பெண். டிசைன் அவளுடையது. அவ்வளவு தடித்த குண்டுகள் உட்கார்ந்து சுழலும் சிலிண்டரில் ஆறு துளை போட்டால், துளைக்கும் துளைக்கும் நடுவே மிஞ்சுவது தகடு மாதிரிச் சுவர்தான். அந்தச் சுவர் கெடாமல், துரப்பணம் ஒரு பக்கம் சாயாமல் ஆறையும் நேராக இறக்கியவர் அய்யம்பெருமாள். அதற்கென்று அவர் செய்த ஜிக் என்கிற பிடிச்சட்டத்தை ராத்திரி எண்ணெய்த் துணி போட்டு மூடிவிட்டுத்தான் குரும்பலூர் வீட்டுக்கு வண்டியை எடுப்பார்.

நேற்று நான்சி துளைகளின் உட்சுவரை முள் வைத்த அளவுமானியால் அளந்துகொண்டிருந்தவள் அவரைக் கூப்பிட்டாள். "சார், இந்த முள்ளைப் பாருங்க."

சிலிண்டர் ஒவ்வொரு குண்டுக்கும் திரும்பி, சரியான இடத்தில் நிற்பதற்காக அதன் வெளிப்பக்கம் சின்னச் சின்னப் பள்ளங்கள் வெட்டுவார்கள். ஆறு துளை என்றால் ஒவ்வொரு பள்ளமும் ஒரு துளைக்கு நேர் மேலே வந்து விழுகிறது. வெளிச்சுவர் மெலிந்த இடத்திலேயே மேலும் ஒரு சுரண்டல். ஒரு துளையில், அந்தப் பள்ளத்துக்கு அடியில், அளவுமுள் லேசாகத் துள்ளியது.

"அளவுக்குள்ளதானம்மா இருக்கு?"

"அளவுக்குள்ளதான் இருக்கு சார். ஆனா சுடறதுக்கு முன்னாடி இந்த வீக்கம் இல்லை."

"வரைஞ்சது நீதானே?"

"நான்தான். அதான் பயமா இருக்கு. தொடர்ந்து சுட்டுப் பாத்துடலாம் சார்."

சிங்காரவேலுவுக்கு போன் போட்டார்கள். முழுவதையும் அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "அத ஒடச்சிட்டா பிரேம்கிட்ட எதக் காட்டுறது? அய்யம்பெருமாளு, நீ என்ன சொல்ற?" என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் அய்யம்பெருமாள் வாயெடுத்தார். எதிரே நான்சி நின்றிருந்தாள். கேட்டதை வரைந்து கொடுத்தாள், தேறியும் விட்டது. பேசாமல் இருந்திருந்தால் பெருமையில் அவள் பேர்தான் முதலில் வந்திருக்கும். அவள் வயதில் தனக்கு இந்தத் தைரியம் இருந்ததா என்று நினைத்துப் பார்த்தார். "சுட்டுப் பாத்துடலாங்க," என்றார்.

இப்போது கயிற்றை இழுத்தார். வழக்கமான அதிர்வு. மறுபடி இழுத்தார். அடுத்த இழுப்பில் சத்தம் வேறுமாதிரி வந்தது. தகரக் கூரையில் ஏதோ பட்டுத் தெறித்தது. புகை அடங்கும்வரை இருவரும் எழவில்லை.

ரிவால்வரின் மேல்சட்டம் வில்லாக வளைந்திருந்தது. சிலிண்டர் வெடித்த பருத்திக்காயாக வாய் பிளந்து கிடந்தது. கிழிசல் அந்தப் பள்ளத்திலிருந்துதான் தொடங்கியிருந்தது. கைப்பிடியை யாராவது பிடித்திருந்தால் என்று அய்யம்பெருமாளுக்குத் தோன்றியது. தன் வலது கையை ஒருமுறை மடக்கி நீட்டிக்கொண்டார். நான்சி கவசத்தைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது.

"ஏம்மா, நீ சொன்னதுதானே நடந்திருக்கு?"

"நடக்காம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் சார்."

மதியம் பிரேம் வந்தபோது, துணியில் சுற்றிய சிலிண்டரை அய்யம்பெருமாளே அவர் முன்னால் வைத்துப் பிரித்தார். சிங்காரவேலு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அதை மறைக்கச் சொல்லி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பிரேம் கிழிசலை விரலால் தடவினார்.

"இப்ப என்ன செய்யலாங்கறீங்க?"

"அஞ்சு துளை சார்," என்றாள் நான்சி. "அஞ்சுன்னா பள்ளம் ரெண்டு துளைக்கு நடுவுல, கனமான எடத்துல விழும். சுவரும் தடிக்கும். எடை கொஞ்சம் கூடும்."

"அஞ்சுன்னா வாங்குறவன் ஒண்ணு ஏன் கொறையுதுன்னு கேப்பான். எடை வேற கூடும்ங்கறீங்க."

"கரடி பாயறப்ப ஆறாவது குண்டுக்கு நேரம் இருக்குமா சார்? எடை இருந்தாத்தான் சுடறப்ப வர்ற உதைய அது வாங்கிக்கும். லேசா செஞ்சா இடுப்புக்குச் சுகம், மணிக்கட்டு போயிடும்."

பிரேம் லேசாகச் சிரித்தார். அய்யம்பெருமாள் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எல்லா வேலையும் மொதல்லேருந்து இல்ல?"

"ஆமாங்க. ஜிக்கு, கட்டர் எல்லாம் புதுசா செய்யணும். செஞ்சிடலாம்."

பிரேம் எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை. கிளம்பும்போது உடைந்த சிலிண்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "அங்க காட்டுறேன். யாரும் ஒடஞ்சத என்கிட்ட குடுத்ததில்ல," என்று மட்டும் சொன்னார். காரின் புழுதி மக்காச்சோளக் கொல்லை ஓரமாக வெகுதூரம் போனது.

"என்னா சொல்லுவாங்களோ," என்றார் சிங்காரவேலு. பிறகு அவரே இரும்பு வைத்திருக்கும் ஸ்டோரின் சாவியை எடுத்து அய்யம்பெருமாளிடம் நீட்டினார்.

புது ஜிக் தயாராகும் வரைக்கும் சென்னையிலிருந்து தகவல் ஒன்றும் வரவில்லை. ஒரு காலை, எண்ணெய் வழிய வழிய ஐந்தாவது துளையும் இறங்கியது. அய்யம்பெருமாள் சிலிண்டரைக் கழற்றித் துடைத்து, சூடு ஆறுமுன்னே நான்சியின் உள்ளங்கையில் வைத்தார். கை சற்றுத் தாழ்ந்தது.

"கனமா இருக்கு சார்."

"இருக்கட்டும்மா."

அவள் அதைக் கிழக்கு ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். வெயில் துளைகளின் வழியே புகுந்து, எண்ணெய் படிந்த சிமெண்ட் தரையில் ஐந்து வட்டங்களாக விழுந்தது.