இடது மார்பில் ஒரு குழி

தைலவண்ண ஓவியம் பழக வருகிற எல்லாருக்கும் டீச்சர் கொடுப்பது ஒரே படம்தான்: முந்நூறு வருடப் பழைய ஓவியத்தின் அச்சுப்பிரதி. குளித்து எழுந்த பெண் ஒருத்தி கையை உயர்த்திக் கூந்தலைப் பிழிகிறாள். அதை அப்படியே நகலெடுக்க வேண்டும். வீட்டில் ‘ஊசி’ என்று பெயரெடுத்த தையல்காரிக்குக் கட்டம் போட்டு உருவம் வரையவே மூன்று ஞாயிறு போயிற்று, அடிப்பூச்சுக்கு ஒன்று. ஐந்தாம் ஞாயிறுதான் தோலுக்கு வந்தாள்.

அவளைவிடப் பத்து வயது சின்னவளான டீச்சர் பின்னால் வந்து நின்றாள். “டெய்லரம்மா, இடது மார்புல ஒரு குழி இருக்கே, எங்க காணோம்?”

“பார்க்க நல்லா இல்ல டீச்சர். நீவி விட்டுட்டேன்.”

“நீவி விட இது என்ன சட்டையா? இருக்கறதைப் போடுங்க.”

பூசியதைத் துணியால் துடைத்தாள். பழுப்பில் துளி பச்சை குழைத்து நிழலை வைத்தாள். உள்ளிருந்து யாரோ நூலைப் பிடித்து இழுத்ததுபோல் தோல் குழிந்தது. இரண்டடி பின்வாங்கிப் பார்த்தவளின் கையிலிருந்து தூரிகை நழுவியது.

போன மாதம் அளவெடுக்கக் கையைத் தூக்கி நின்றாள் அக்கா. அதே இடம், அதே குழி. “உள்பாடி வார் அழுத்தினதுடி” என்றாள். இவளும் அதன்மேலேயே டேப்பை வைத்து அளந்தாள்.

“இந்தப் பொண்ணுக்கு என்ன டீச்சர்?”

“உள்ள கேன்சர் கட்டி இருந்து தோலை இழுத்திருக்கலாம்னு ஒரு டாக்டரம்மா சொன்னாங்க. வரைஞ்சவருக்கு என்ன தெரியும்? கண்ணால பார்த்ததைப் போட்டுட்டாரு.”

ஈரம் காயாத படத்தோடு இரண்டு தெரு தள்ளியிருந்த அக்கா வீட்டுக்கு ஓடினாள்.

“என்னடி இது, துணியில்லாதவளைத் தூக்கிக்கிட்டு தெருவுல வர்ற! மானம் போகுது, உள்ள வா.”

“கதவைச் சாத்திட்டு சட்டையைக் கழட்டுக்கா. கையைத் தூக்கு.”

“உனக்கென்ன கிறுக்கா?” சிரித்துக்கொண்டேதான் கண்ணாடி முன் நின்றாள் அக்கா. கண்ணாடியைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி கண்ணாடியை. சிரிப்பு பாதியில் நின்றது.

“இது வார் தடம்தானே?”

“வார் அங்க வராதுக்கா. உன் உள்பாடியைத் தைக்கிறவளே நான்தானே.”

அக்கா தூக்கிய கையை இறக்கவில்லை. “அப்போ போன மாசமே உனக்குத் தெரிஞ்சிருக்கணும், இல்ல?”

ஊசி படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

அக்கா சட்டையை மாட்டினாள். பொத்தான் ஓட்டை மாறி மாறிப் போயிற்று. உதவ வந்த தங்கையின் கையைத் தட்டிவிட்டாள். பிறகு அதே கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமைன்னாலும் ஆஸ்பத்திரில யாராவது இருப்பாங்க. வா.”