தூக்கிய கால்

முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தாள் டெல்ஃபியா. தன்னைவிட உயரமான பேஸ் வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு நின்றவளுக்குக் கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. தீயணைப்பு நிலையத்துக்கு நிதி திரட்டும் மதிய விருந்து. ஊரே பீன்ஸும் சோள ரொட்டியுமாக மும்முரமாக இருந்தது. சாப்பாடு போடுகிற இடத்தில் பாட்டை யார் கேட்கிறார்கள்?

ஆனால் அவள் மகள் வெர்னிக்கு இது சாதாரண மதியம் இல்லை. பனி உருகிய நாளிலிருந்து குடும்பத்தின் ப்ளூகிராஸ் நாட்டுப்பாட்டுக் குழுவில் கிடார் பழகுகிறாள். இதுவரை தாளம் மட்டும்தான். தனியாக வாசிக்க பிடில் மைக் முன்னே வரும், பாஞ்சோ முன்னே வரும். கிடார் பின்னாலேயே நின்று மாடாக உழைக்கும். இன்றைக்குக் கடைசிப் பாட்டில் அவளுக்கும் தனியாக வாசிக்க ஒரு முறை தருவதாக அப்பா ஹோபர்ட் சொல்லியிருந்தான்.

கடைசிப் பாட்டும் வந்தது. மாமா க்ளைடின் பிடில் முடிந்து, ஹோபர்ட்டின் பாஞ்சோவும் முடியப்போகிறது. வெர்னி மைக்கை நோக்கி ஓர் அடி வைத்தாள். அந்த நேரம் பார்த்து டெல்ஃபியாவின் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டி இழுத்தது. காலைத் தூக்கிவிட்டாள்.

இந்தக் குழுக்களில் ஒருவர் காலைத் தூக்கினால் பாட்டை முடி என்று அர்த்தம். யாரும் யோசிக்க மாட்டார்கள், கை தானாக முடித்துவிடும். முடித்தே விட்டார்கள். நாலு பேர் கைதட்டினார்கள்.

"ஏம்மா தூக்குன?" வெர்னி கிடாரை இறக்காமலே கேட்டாள்.

"கெண்டக்கால் புடிச்சிருச்சு கண்ணு. வேணும்னேவா செய்வேன்?"

"முடிஞ்சது முடிஞ்சதுதான். அடுத்த தடவ பாத்துக்கலாம் புள்ள," என்று ஹோபர்ட் பாஞ்சோப் பெட்டியைத் திறந்தான்.

"போன தடவயும் இதயேதான் சொன்ன," என்றாள் டெல்ஃபியா.

"அக்கா, நீ மொதல்ல உக்காரு. செத்தவ மாதிரி நிக்கிற," என்றான் க்ளைட்.

அவளுக்கும் உட்காரத்தான் ஆசை. அசதியில் அழுகையே வந்தது. மகளின் முகம் உட்காரவிடவில்லை. பேஸின் தந்தியை இழுத்தாள். அதே பாட்டு. ஹோபர்ட் முணுமுணுத்துக்கொண்டே பாஞ்சோவைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.

இந்தத் தடவை மைக் நேராக வெர்னிக்கு. முதல் வரியில் ஒரு சுரம் தப்பியது. இரண்டாவது வரி சுத்தமாக விழுந்தது. கரண்டியை வைத்துவிட்டுச் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பெருமை தாங்காமல் அவள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா கண்ணை மூடி, பேஸைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

கிடாரின் முறை பாதிகூட ஆகவில்லை. வெர்னி காலைத் தூக்கினாள்.