ஒரு தலை குறைகிறது

எங்கள் மலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இங்க பார்க்க என்னங்க இருக்கு?" இவ்வளவு தூரம் வளைந்து வளைந்து வந்து, வழியெல்லாம் வாந்தியும் எடுத்துவிட்டு, வண்டியை விட்டு இறங்கிய பிறகு கேட்கிற கேள்வி இது. நானும் முகம் கோணாமல் பதில் சொல்வேன். பழைய கோட்டை இருக்கிறது, சிறைச்சாலையாக இருந்த மியூசியம் இருக்கிறது, மணிக்கூண்டு, அருவி, கடைசியில் வியூ பாயிண்ட். வியூ பாயிண்டில் பாதி நாள் பனிதான் தெரியும். அதையும் போட்டோ எடுப்பார்கள்.

நான் இங்கே கைடு. தொண்டை பெரிசு என்பதால் ஊரில் எனக்கு 'மைக்' என்று பெயர். வீட்டுக்காரர் போன பிறகு அந்தத் தொண்டைக்கு வீட்டில் வேலை இல்லை. சாயங்காலம் கதவைச் சாத்தினால் காலை வரை பேச ஆள் கிடையாது. குக்கர் ஒன்றுதான் அவ்வப்போது விசிலடித்துப் பதில் சொல்லும்.

மகள் கீழே நகரத்தில் வேலை பார்க்கிறாள். போனவள் போனவள்தான், வீட்டுப் படி ஏறவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. கிளம்புகிற அன்று, "ஊருக்கெல்லாம் மலையச் சுத்திக் காட்டற. என்னை ஒரு நாள் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கியாம்மா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

போன வாரம் அவளே போன் செய்தாள்.

"ஆபீஸ்ல எல்லாரும் வேன் வெச்சு வர்றோம்மா. நீயே சுத்திக் காட்டு. சாயங்காலம் அவங்க இறங்கிடுவாங்க. நான் மட்டும் உன்கூடத் தங்கிட்டு மறுநாள் பஸ்ல போறேன்."

மெத்தையை வெயிலில் காயப் போட்டேன். எங்கள் ஊரில் வெயில் என்று எதைச் சொல்கிறோம் என்பது தனிக் கதை. புதுப் போர்வை வாங்கினேன். டீக்கடைக்காரரிடம் சொன்னேன், மியூசியம் வாட்ச்மேனிடம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். அந்த ஒரு ராத்திரிக்காக மனசு கிடந்து அடித்துக்கொண்டது. விளக்கை அணைத்த பிறகும் பக்கத்தில் ஒருத்தி பேசிக்கொண்டிருப்பாள் அல்லவா?

வேன் வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள், கடைசியில் அவள். இளைத்திருந்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் கால் பரபரத்தது. ஆனால் என் கோலத்தைப் பார்த்தேன். முழங்கையில் கிழிந்த ஸ்வெட்டர், கழுத்தில் விசில். அம்மா என்ன வேலை பார்க்கிறாள் என்று ஆபீசில் என்ன சொல்லி வைத்திருக்கிறாளோ? நாமாகப் போய் உறவு கொண்டாடி அவளைத் தலைகுனிய வைப்பானேன்? எல்லோருக்கும் வைத்த கும்பிடையே அவளுக்கும் வைத்தேன். அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு அவளும் கும்பிட்டாள்.

அன்றைக்கு என் தொண்டை வழக்கத்தைவிட நன்றாகவே வேலை செய்தது. கோட்டை வாசலில் சொல்கிற ஜோக்குக்கு எல்லோரும் சிரித்தார்கள், அவளைத் தவிர. சின்ன வயதிலிருந்து கேட்ட ஜோக், பாவம். மணிக்கூண்டுக்கு நேர் எதிரில்தான் எங்கள் தெரு. அங்கே நான் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கடிகாரத்தைப் பற்றி மூச்சு விடாமல் பேசினேன். அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் தோளைத் தாண்டித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருவியில் எல்லோருக்கும் மஞ்சள் மழைக்கோட்டு கொடுப்பார்கள். தலையையும் மூடிக்கொண்டால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது என்று நானே கிண்டல் செய்வது உண்டு.

திரும்பி வேனுக்கு வரும்போது பனி இறங்கிவிட்டது. பனி கெட்டியானால் மலையடிவாரத்தில் கேட்டை மூடிவிடுவார்கள், அதன் பிறகு ஒரு வண்டியும் மேலே வர முடியாது. இறங்குகிற வண்டியும் முந்திக்கொள்ள வேண்டும். அந்த மாதிரி அவசரத்தில்தான் இன்னொரு கைடு ஒரு பெரியவரைக் கோட்டையிலேயே விட்டுவிட்டு வேனை அனுப்பினார். அதிலிருந்து எங்கள் எல்லோருக்கும் தலை எண்ணாமல் மனசு ஆறாது. முகத்தைப் பார்க்க மாட்டோம், தலையைத்தான் எண்ணுவோம்.

எண்ணினேன். ஒரு தலை குறைந்தது. மறுபடி எண்ணினேன். குறைந்தது.

"யாருங்க இன்னும் ஏறல?" என்று கத்தினேன். வேனுக்குப் பின்னால் பனிக்குள் தலையை மூடிய ஒரு மஞ்சள் கோட்டு நின்றுகொண்டிருந்தது, கையில் ஒரு பையோடு.

"என்னம்மா வேடிக்கை பார்த்துட்டு நிக்கற? உன் ஒருத்திக்காக எத்தனை பேர் காத்திருக்காங்க! ஏறு, ஏறு!"

முதுகில் கை வைத்துத் தள்ளி ஏற்றினேன். கதவைச் சாத்தி, வேனை இரண்டு தட்டுத் தட்டி, "போலாம்!" என்றேன். கணக்குச் சரியாகிவிட்ட நிம்மதியோடு டீ குடிக்கப் போனேன்.

டீக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"என்ன மைக்கு, பொண்ணு தங்கப் போகுதுன்ன? பையோட இறங்கி நின்ன பொண்ண நீயே வண்டியேத்தி அனுப்பிட்ட?"

சாலையில் ஓடினேன். வேனின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. போன் போட்டேன், போகவில்லை. இறங்குகிற வழியில் அங்கங்கேதான் சிக்னல் கிடைக்கும். இதையும் தினம் தினம் எல்லோருக்கும் நான்தான் சொல்கிறேன்.

வீட்டு வாசலில் பூட்டைத் திறக்கும்போது அவளே கூப்பிட்டாள்.

"நான்னு தெரியலடி கண்ணு," என்றேன். "தலைதான் எண்ணினேன். நீ வாயத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"காலையிலேர்ந்து நீ என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கல. கடைசியில கையாலயே தள்ளி ஏத்தின. வேணாம்னு நெனைக்கறியோன்னு ஏறிட்டேன்."

"உன் ஆபீஸ் ஆளுங்க முன்னாடி உனக்கு அசிங்கமா இருக்குமேன்னு..."

"அவங்களுக்குத் தெரியும்மா. வர்ற வழியெல்லாம் சொல்லிட்டுத்தான் வந்தேன், கூட்டிட்டுப் போகப் போறது எங்கம்மான்னு. நீ கும்பிட்டதும் எல்லாரும் என்னையே பார்த்தாங்க."

பூட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சத்தம் வராமல் அழ இந்தத் தொண்டைக்குத் தெரியாது.

"திரும்பி வரட்டுமா?" என்று கேட்டாள்.

"முடியாதுடி. கேட்டு மூடியிருப்பான், மேல வர வண்டி ஒண்ணும் கிடைக்காது."

பூட்டைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.

"எல்லாத்தையும் காட்டின. நம்ம வீட்டத்தான் காட்டல," என்றாள்.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு கதவைத் தள்ளினேன்.

"இப்பக் காட்டறேன், வா. காலை எடுத்து வை, வாசப்படி உயரம். கதவு அதே நீலம்தான். இடது பக்கம் அடுப்படி, குக்கர் மட்டும் புதுசு. உங்கப்பா நாற்காலி ஜன்னல் பக்கமாவே கிடக்கு, நகர்த்தல. இந்த ரூம் உன்னோடது. லைட்டப் போடறேன், இரு. போர்வை பச்சை, உனக்குப் பிடிக்குமேன்னு..."

அவள் சிரிப்பாள் என்று நின்று கேட்டேன். லைன் எப்போதோ போயிருந்தது. எந்த அறை வரை வந்தாள் என்று தெரியவில்லை.